சோலார் வேலைக்கு நம் பிள்ளைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது, சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பு முக்கால்வாசி போனது சோலார் பேனல் மாட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்சிக்குத்தான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கோ பஸ் ஏறுகிறார்கள். பக்கத்திலேயே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. 2024 பிப்ரவரியில் வீட்டு மாடியில் சோலார் வைக்க மத்திய அரசு மானியம் தருகிற பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும் தருமபுரி டவுனிலேயே மாடிக்கு மாடி பேனல் ஏறுகிறது. அதை மாட்ட வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள், அந்த வீட்டுக்கு மணல் சுமந்தது நம் பையன். இது எனக்கு ஆறவே இல்லை.

அரசுப் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு 600 மணி நேர சோலார் பயிற்சியான சூர்யமித்ரா 2015-லிருந்து இருக்கிறது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு தீனதயாள் கிராமப்புறத் திறன் திட்டம் இருக்கிறது. கட்டணமும் கிடையாது. ஆனால் கூலிக்குப் போகிறவனுக்கு மூன்று மாதம் வகுப்பு என்றால் மூன்று மாதக் கூலி போச்சு என்று அர்த்தம். சித்தேரி, வத்தல்மலை பக்கத்து மலைக் கிராமப் பிள்ளைகளுக்கு சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது, சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது. பாதியில் நின்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசினோம். படிப்பு கஷ்டம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டட மாடியில் செய்முறை வைத்தோம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நம் அண்ணன் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆறு பேனலைத் தொடராக இணைத்த வயரில் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்: கிட்டத்தட்ட 300 வோல்ட். வெயில் இருக்கிற வரை பேனலில் கரண்ட் இருக்கும், அதுவும் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடுகிற நேர் மின்சாரம், ஓடுகிற லோடில் கனெக்டரைப் பிடுங்கினால் பொறி லேசில் அணையாது என்று அவர் சொன்னதும் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் மட்டும் முன்னால் வந்து, "அப்போ எதை முதல்ல கழட்டணும் சார்?" என்று கேட்டார். இன்றைக்கு அவர் ஒரு கான்ட்ராக்டரிடம் பேனலைத் தாங்குகிற ஸ்ட்ரக்சர் பூட்டுகிற டீமில் இருக்கிறார்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பயிற்சிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு "அனுபவம் இருக்கா?" என்றுதான் கான்ட்ராக்டர்கள் கேட்கிறார்கள், இல்லை என்றால் ஹெல்பராகச் சம்பளம் இல்லாமல் வா என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

அதனால் பொதுக்குழுவிடம் மூன்று கேட்கிறேன். பயிற்சிக்குப் போகிறவர் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகையும் பஸ் கட்டணமும் சங்க நிதியிலிருந்து தர வேண்டும், இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். அப்புறம், உயரத்தில் ஏறுகிறவர்களுக்குச் சேஃப்டி பெல்ட்டும் கயிறும் நாமே வாங்கி வைக்க வேண்டும். கூலி கொடுத்து ஹெல்பராக எடுப்பதாக எழுதிக் கொடுக்கிற கான்ட்ராக்டர்களுக்கு மட்டுமே இனி ஆள் அனுப்ப வேண்டும்.

அடுத்த பேட்ச் சேர்க்கைக்கு முன்னால் பணம் கையில் இருந்தாக வேண்டும், ஆகவே இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்