லண்டன் போகிறவர்களுக்கு ரொறன்ரோ வானிலை உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை இதழில் பனிக்காலத்தில் வாகனம் ஓடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரயர் மாற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வாகனத்தை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒன்ராறியோ முழுக்க ஒரே மாதிரிப் பனி கொட்டும் என்ற நினைப்பிலேயே கட்டுரை போகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒன்ராறியோவிலேயே இருக்கிற லண்டன், சார்னியா ஊர்களின் பக்கம் ட்ரக் ஓடுகிறவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவில் வருடத்துக்கு விழும் பனி சராசரியாக 120 சென்ரிமீற்றர் அளவு. 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் வரும் லண்டனில் அது 190க்குக் கிட்ட. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரில் இன்னும் கூட. இத்தனைக்கும் லண்டன் எங்களை விடத் தெற்கே இருக்கிற ஊர். குளிர் கூடினால் பனியும் கூடும் என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. அப்படிப் பார்த்தால் கடுங்குளிருக்குப் பேர்போன வினிப்பெக் நகரம் புதைந்து போயிருக்க வேண்டும். அங்கும் ஏறக்குறைய ரொறன்ரோ அளவுதான். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் வெறும் குளிர் பனியைக் கொட்டாது.

எங்கள் பக்கம் அந்த ஈரத்தைக் கொடுப்பது ஏரிகள். நவம்பர், டிசம்பரில் ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் கோடையில் வாங்கிய சூட்டை முழுதாக விட்டிருக்காது. வடமேற்கிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்று அந்தத் தண்ணீருக்கு மேலாக வரும்போது ஈரத்தை அள்ளி, மேலெழுந்து முகிலாகி, கரையேறியதும் கொட்டுகிறது. ரொறன்ரோவுக்கு அந்தக் காற்று தரைவழியாக வந்து சேருவதற்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். ஒன்ராறியோ ஏரி எங்களுக்குத் தெற்கே இருப்பதால் அதன் பனி பெரும்பாலும் அமெரிக்கக் கரைக்கு, சிரக்கியூஸ் பக்கம் போகிறது. எங்களுக்குப் பெரிதாகக் கொட்டுவது தெற்கிலிருந்து ஏறி வரும் புயல்களில்தான். 2022 ஜனவரி 17 பலருக்கு நினைவிருக்கும். நகரின் சில இடங்களில் அரை மீற்றர் விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் பாடசாலை பூட்டிவிடும், யாரும் வெளிக்கிட மாட்டார்கள்.

ஏரிப் பனி வேறு விதம். ஒடுங்கிய பட்டையாக வரும். பட்டைக்கு உள்ளே ஒரு முழங்கால் அளவு குவியும்போது, பக்கத்து ஊரில் வெயில் எறிக்கும். காற்று சற்றுத் திரும்பினால் பட்டையும் திரும்பும். லண்டனிலிருந்து சார்னியா போகும் 402 நெடுஞ்சாலையில் ஸ்ட்ராத்ரோய் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வெறும் வயல்தான். வீதி காய்ந்து கிடக்கும், எல்லோரும் மணிக்கு 110 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருப்பார்கள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை தெரியும். முன்னால் போகும் ட்ரக்கின் பின்விளக்குகள் மங்கும், அப்புறம் காணாமலே போகும். அடுத்த நிமிடம் நீங்களும் உள்ளே. 2010 டிசம்பரில் இதே வீதியில் நூற்றுக்கணக்கானோர் வாகனங்களோடு அகப்பட்டு, இராணுவ ஹெலிகொப்டர் வந்துதான் பலரைத் தூக்கியது.

அந்த இடத்தில் நல்ல ரயர் இருந்தும் பாதிப் பயன்தான். ரயர் வீதியைப் பிடிக்கும், கண்ணுக்கு வழி காட்டாது. பயத்தில் பிரேக்கை அழுத்தி நடு வீதியிலேயே நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் வருகிற எங்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், தெரிந்தாலும் அந்தப் பாரத்தோடு உடனே நிற்க முடியாது. திரையைக் கண்டதுமே அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனால் ஒன்றும் கெட்டுப் போகாது. இன்னொன்று: பல பழைய கார்களில் பகலில் முன்விளக்கு தானாக எரியும், பின்விளக்கு எரியாது. டாஷ்போர்ட்டில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு விளக்குப் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். சுவிட்சைத் திருப்பிப் போட வேண்டும்.

ஈரி ஏரி ஆழம் குறைந்தது. அது உறைந்து மூடினால் அந்தப் பக்கத்துப் பனி அடங்கிவிடும். குளிர் பிந்தி வரும் வருடங்களில் ஏரி திறந்தே கிடக்கும், கொட்டல் நீளும். ஆகவே 'இந்த முறை குளிர் குறைவு, பயமில்லை' என்று கட்டுரையில் ஓரிடத்தில் வந்தது சரியல்ல. 2022 டிசம்பரில் ஈரி ஏரிக்கரையில் உள்ள அமெரிக்க நகரமான பஃபலோவில் பலர் இறந்த புயல் வந்தபோதும் ஏரி உறைந்திருக்கவில்லை.

லண்டன், வாட்டர்லூ பல்கலைக்கழகங்களில் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பெற்றோர் அவர்களைக் கூட்டிவரப் போவது இந்தப் பட்டைகள் மும்முரமாக இருக்கும் டிசம்பரில்தான். ஸ்காபரோவில் வானம் வெளித்திருக்கிறது என்று நம்பி வெளிக்கிடுகிறார்கள். உங்கள் இதழின் வானிலைப் பெட்டியில் ரொறன்ரோவின் வெப்பநிலை மட்டும்தான் வருகிறது. லண்டன், பாரி, சார்னியா ஊர்களையும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வெளிக்கிட முன் ஒன்ராறியோவின் 511 வீதித் தகவல் சேவையில் வீதி நிலைமையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் போடலாம். இடம் காணாது என்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இப்படிக்கு,
ட்ரக் ஓட்டும் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ