நைட்ரோவுக்கு மாறப்போகும் செந்தூல் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் புரோட்டான் சத்ரியா காரில் ஏற்றியிருக்கும் 4ஜி63 (மிட்சுபிஷி) டர்போ எஞ்சினை நைட்ரோவுக்கு, அதாவது நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருளுக்கு, மாற்ற எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கணக்கைப் பார்த்துவிடு.

நைட்ரோமீத்தேன் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து வரும். 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இதற்கு 1.7 கிலோ போதும். கிலோவுக்குக் கிலோ பெட்ரோலின் கால் பங்கு வெப்பம்தான். ஆனால் அதே காற்றில் எட்டு மடங்குக்கு மேல் ஊற்றி எரிக்கலாம். பலம் அந்த அளவில்தான் இருக்கிறது. ஊற்றும் அளவு குறைந்தால் பிஸ்டன் உருகும்.

அமெரிக்க டாப் ஃபியூல் டிராக் பந்தய வண்டிகள் 90% நைட்ரோ ஊற்றுகின்றன என்பதைப் பார்த்து ஆசைப்படாதே. முதலில் வெறும் மெத்தனாலில் நான்கைந்து ஓட்டம் சுத்தமாக வரட்டும். பிறகு 20% நைட்ரோ, 80% மெத்தனால். பெட்ரோலில் நிமிடத்துக்கு 1,000 சிசி பீய்ச்சும் இன்ஜெக்டர் போதுமாக இருந்தால், மெத்தனாலுக்கு ஏறக்குறைய 2,130, இந்தக் கலவைக்கு 2,430 வேண்டும். இது அடிமட்டக் கணக்கு. இதற்கு மேலேதான் வைக்க வேண்டும். பம்ப் பெல்ட்டில் ஓடும் மெக்கானிக்கல் பம்பாக இருக்கட்டும். ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், டெஃப்லான் உள்ளுறை போட்டதை வாங்கு. மெத்தனால் வெறும் அலுமினியத்தை அரிக்கும். ஸ்பார்க் பிளக் இரண்டு படி குளிர்ந்த ரகமாகவும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) பழையதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும்.

நம் ஊர் வெயிலில் பலர் தவறுவது ஹைட்ரோமீட்டரில், அதாவது கலவையின் அடர்த்தியை அளந்து நைட்ரோ அளவைக் காட்டும் கருவியில். 20 டிகிரியில் இந்தக் கலவையின் அடர்த்தி சுமார் 0.86. செப்பாங் பந்தயத்தடத்தின் பிட்டில் 34 டிகிரி என்றால் திரவம் விரிந்து 0.846 காட்டும். "நைட்ரோ 16% தானே இருக்கிறது" என்று நினைத்து இன்னும் ஊற்றினால் உண்மையில் 24% ஆகிவிடும், இன்ஜெக்டரோ 20%-க்கு வைத்தது. கேனில் வெப்பமானியை விட்டுத் திருத்தம் போட்டபிறகே கலக்கு. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே கலக்கு. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்.

வைட்பேண்ட் (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் சென்சார்) காட்டும் எண்ணை நம்பாதே, எரிபொருளே ஆக்சிஜன் கொண்டுவருவதால் அது ஏமாற்றும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார். கம்பி முனை நீலமோடி உருகத் தொடங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போதவில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமல் விட்டால் உள்ளே திரவம் தேங்கும். திரவம் அமுங்காது, அடுத்த சுற்றில் கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் ஹெட் தூக்கும். எஞ்சின் திணறி நின்றால் உடனே ஸ்டார்ட்டரை அழுத்தாதே. பிளக்குகளைக் கழற்றி, கையால் இரண்டு சுற்று சுற்றி, துளை வழியாகத் திரவம் வெளியே வந்து தீர்ந்தபிறகே சாவியைத் தொடு. எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அப்படியே கொட்டிவிடு.

1958-இல் அமெரிக்காவில் இரு வேறு ஊர்களில் நைட்ரோமீத்தேன் ஏற்றிய ரயில் தொட்டிகள் வெடித்தன. கேனைச் சூட்டில் வைக்காதே, காஸ்டிக் சோடா கலந்த கிளீனரைப் பக்கத்தில் வைக்காதே, புகையை மூச்சில் இழுக்காதே. மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளி, ஆல்கஹால் தீக்கு உரிய நுரை அணைப்பான் இரண்டும் இருக்கட்டும்.

அன்புடன்,
பட்டறை அண்ணன்கள்