தாய்வீட்டுக்குப் போன குழந்தையை யார் பார்ப்பது? சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்திலும் டெல்லியிலும் உட்கார்ந்து தாய் சேய் நலத் திட்டங்களைத் தீட்டும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வியாசர்பாடியில் குடியிருக்கிறேன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பிரசவம் நடந்தது. அதிலிருந்து கண்ணில் பட்ட சுகாதாரப் புள்ளிவிவரத்தையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகளுக்கு இங்கே சென்னையில் ஒரு மருத்துவமனையில் 36-வது வாரத்திலேயே வலி வந்து பையன் பிறந்தான், எடை 2 கிலோ 100 கிராம். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தடுப்பூசிக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னார்கள். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை, அங்கே எல்லோரும் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். அப்புறம் நம் ஊர் வழக்கப்படி பச்சை உடம்புக்காரியைக் காரில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். செய்யாறு பக்கம் ஒரு கிராமம். மாமியார் வீடு புளியந்தோப்பு.

ஆறாம் நாள் பையன் சரியாகப் பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுந்தான், உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். பக்கத்து வீட்டுப் பாட்டி, காமாலைதான், காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்றார். காட்டினார்கள். கேட்டால் திட்டத் தோன்றும், ஆனால் அந்த வீட்டுக்கு வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்து, இது வெயிலில் காட்டுகிற மஞ்சள் இல்லை, உடனே கூட்டிப் போங்கள் என்று சொல்ல அந்த ஆறு நாளில் ஒருவரும் வரவில்லை, பாட்டிதான் இருந்தார். ராத்திரி 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று நாள் மஞ்சள் இறங்க லைட்டில் வைத்து, குழாய் வழியாகப் பால் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த நர்ஸ்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பக்கத்து வார்மரில், அதாவது குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கையில், ஒரு செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண் குழந்தை இருந்தது, இவனைவிடச் சின்னது. மறுநாள் காலையில் அந்த வார்மர் காலியாக இருந்தது.

பதினைந்தாம் நாள் சென்னையிலிருந்து ஒரு போன். எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். "குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கே?" என்றார். அன்பாகத்தான் பேசினார். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. நாடு முழுவதற்குமான அந்த 28-ல் 20 குழந்தைகள் முதல் 28 நாளைக்கூடத் தாண்டுவதில்லை. குறைப்பிரசவம், பிறந்ததும் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, இவைதான் பெரிய காரணங்கள். அந்த 28 நாளிலும் முதல் வாரம்தான் மோசம். நாம் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதும் அதே வாரத்தில்தான்.

மருத்துவமனைக்கு வரவைக்கிற வேலையைத் தமிழ்நாடு நன்றாகவே முடித்துவிட்டது. வீட்டுப் பிரசவம் என்பதே இங்கே அபூர்வம். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, 108 என்று இதற்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பச்சிளம் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று தேசிய சுகாதார இயக்கத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியதில் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து வந்த திட்டம்தான் இது.

ஆனால் திட்டம் ஒரே விலாசத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, நம் பெண்கள் அந்த விலாசத்தில் இருப்பதில்லை. தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு, குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் திரும்புவது என்று காலகாலமாக நடக்கிறது. அப்படியிருக்க, மாமியார் வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு செவிலியர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார், தாய்வீட்டு ஊர்ச் செவிலியருக்கோ இப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரிவதில்லை.

இத்தனைக்கும் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 12 இலக்கத்தில் பிக்மி எண் என்று ஒரு பதிவு எண் கொடுக்கிறீர்கள். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது. சரி, அந்த எண்ணை வைத்தே இதைச் செய்யலாமே? டிஸ்சார்ஜ் அன்று, "எந்த ஊருக்குப் போகிறீர்கள்? அங்கே யார் போன் நம்பர்?" என்று இரண்டே கேள்வி. பதிலைப் போட்டதும் அந்த ஊர்ச் செவிலியரின் போனுக்குச் செய்தி போக வேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, 37 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை என்றால் 48 மணி நேரத்துக்குள் நேரில் பார்த்தாக வேண்டும், பார்க்கவில்லை என்றால் மேலே இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். ஆன்லைனில் வாங்கிய 300 ரூபாய் நைட்டி எந்த ஊர் குடோனில் கிடக்கிறது என்று எனக்கு மணிக்கொரு தரம் எஸ்.எம்.எஸ். வருகிறது.

அதற்கு ஆள் வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். நகரத்தில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது நீங்களே போட்ட கணக்கு. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஒரு செவிலியர் எத்தனை படி ஏறுவார்? ஓ.எம்.ஆர். பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரக் குடும்பங்கள் தகரக் கொட்டகையில் இருக்கின்றன, அவர்கள் பேர் யார் பட்டியலில் இருக்கும்? இலங்கையில் 1926-ல் களுத்துறையில் ஆரம்பித்த முறையில் பகுதிக்கு ஒரு குடும்பநல மாது (அரசு மருத்துவச்சி) வீடு தேடிப் போகிறார், இன்றைக்கும். அங்கே சிசு மரண விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

இன்குபேட்டருக்கும் புதுக் கட்டடத்துக்கும் பணம் வந்துவிடுகிறது, ரிப்பன் வெட்ட வசதி. வார்மருக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்குத்தான் வருவதில்லை. 2017 நவம்பரில் அதே டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் உட்கார்ந்து போராடினார்களே, மாதம் 7,700 ரூபாயில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒரே ஷிஃப்டில் ஒருவரே அத்தனை வார்மரையும் பார்த்தால் கை கழுவக்கூட நேரம் இருக்காது, கை கழுவாவிட்டால் தொற்று வரும். இதைச் சொல்ல நான் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும் கங்காரு முறை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. நம் டெல்லி உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், பிறந்த உடனேயே இதை ஆரம்பித்துப் பார்த்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். மறு வருஷம் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. இதற்கு மெஷின் வேண்டாம். தாயை உள்ளே விட வேண்டும், அவள் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டும், அவளுக்குச் சோறு வேண்டும். நாங்கள் இருந்த இடத்தில் தாய்மார் கதவுக்கு வெளியே தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பையனுக்கு இப்போது ஒன்றரை வயது ஆகப்போகிறது, என் போனை எடுத்து வாளித் தண்ணீரில் போடுகிறான். அடுத்த மாதம் என் இளைய தங்கை மகளுக்கு வளைகாப்பு. பிரசவம் சென்னையில், அப்புறம் அவளும் போவது செய்யாறுக்குத்தான். அவளுடைய கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தேன், புகுந்த வீட்டு விலாசம் மட்டும்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தாய்வீட்டு விலாசத்தையும் அவள் அம்மாவின் போன் நம்பரையும் பேனாவால் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பெரியம்மா