தொண்ட திரும்பி வந்துருச்சு: சுங்கை சிப்புட் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம் எல்லாருக்கும். குரலு கெட்டுப்போயி 14 மாசம் கழிச்சு போன சனிக்கிழம கோயில் மண்டபத்துல பாடி முடிச்சதும் நன்றி சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தேன், ஆனா முன்வரிசைல அம்மாவோட ஒண்ணா ரப்பர் பால் வெட்டுனவங்க நாலு பேரு உக்காந்திருந்தத பாத்ததும் அழுக வந்துருச்சு, அழுதுக்கிட்டே பேசுனா தொண்டைக்கு ஆகாது, அதனால கையெடுத்துக் கும்பிட்டுட்டு எறங்கிட்டேன். அன்னிக்கு வாயில வராததத்தான் இப்ப எழுதுறேன். பேரு யாருக்கும் போடல, இதுல பாதி பேருக்கு தன் பேரு வெளிய வர்றது புடிக்காது, படிச்சா அவங்கவங்களுக்கே தெரியும்.

முதல்ல எங்க தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை, கிராணி ஐயா. அவரு போய் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு, பேரப்பிள்ளைங்க யாராச்சும் படிச்சா நல்லது. 1981ல எனக்கு பத்து வயசு, அப்பா தவறி ஒரு வருஷம்கூட ஆகல, அம்மா விடியாத முன்ன பேர் கூப்பிடுற பெரட்டுக்கு கெளம்பிருவாங்க, பால் வெட்டி, பால் வடியுற மங்கு தொடச்சு ஸ்டோர்ல பால் நிறுத்து வீட்டுக்கு வர மத்தியானம் ஆகும், அப்புறம் சாயங்காலம் புல்லு வெட்டப் போவாங்க. நான் பள்ளி விட்டதும் எங்க வீடு இருக்குற லயத்துக்குப் போகாம நேரா கிராணி ஐயா வீட்டுக்குத்தான் போவேன், அவரு வீட்டம்மா சோறு போடுவாங்க. அவருகிட்ட ஒரு சார்ட்வேவ் ரேடியோ இருந்துச்சு, ஏரியலுக்கு ஒரு கம்பிய இழுத்து பலா மரத்துல கட்டியிருப்பாரு. ராத்திரில வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வைப்பாரு, அதுல வில்லிஸ் கோனோவர்னு ஒருத்தர் ஜாஸ் நிகழ்ச்சி பண்ணுவாரு, 1955ல ஆரம்பிச்சு 1996ல சாகுற வரைக்கும் பண்ணாரு, வேணும்னே மெதுவா பேசுவாரு, இங்கிலீசு அரகுறையா தெரிஞ்சவங்களுக்கும் புரியணும்னு. அவரோட சொந்த ஊரு அமெரிக்காவுல அவர நெறைய பேருக்குத் தெரியாது, அந்த வானொலி உள்நாட்டுக்குன்னு ஒலிபரப்பக்கூடாதுன்னு அப்ப அங்க சட்டம் இருந்துச்சு. பேராக்குல ஒரு தோட்டத்து லயத்துப் புள்ளைக்குத் தெரிஞ்ச குரலு அவங்க ஊருக்காரங்களுக்குத் தெரியல, இத நெனைச்சா இப்பவும் எனக்கு என்னமோ பண்ணும்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்ங்குற ஜாஸ் பாடகியோட குரல மொதல்ல கேட்டது ஐயா வீட்டுப் படியில உக்காந்துதான். ஐயா அவங்க கதைய துண்டு துண்டா சொல்லுவாரு. 1934ல 17 வயசுல நியூயார்க் அப்போலோ தியேட்டர் போட்டிக்கு ஆடத்தான் போனாங்களாம், முன்னாடி ஆடுனவங்க ஆட்டத்த பாத்து பயந்து கடைசி நிமிஷத்துல பாடுறேன்னு சொல்லி பாடி ஜெயிச்சாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னதான் அவங்கம்மா செத்துப்போயிருந்தாங்க. அப்பா இல்லாத புள்ள நான், ஐயா ஏன் இந்தக் கதைய எங்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னாருன்னு அப்ப புரியல. ஐயா, இப்ப புரியுது.

அடுத்து மைக் செட்டு அண்ணன். மாரியம்மன் திருவிழாவுக்கு மரத்துல புனல் ஸ்பீக்கர் கட்டுவாரே அவருதான். பன்னெண்டு வயசுல என்ன தூக்கி ஒரு பலகை மேல நிறுத்தி மைக்க எறக்கிக் குடுத்தாரு, ‘பாடும்மா, அடுத்த தோட்டத்துக்கே கேக்கட்டும்’னாரு. உறுமி மேளத்துக்கு மேல கேக்குற மாதிரி கத்திப் பாடக் கத்துக்கிட்டது அப்பத்தான். பயம் போனது அவராலதான்.

அந்தக் கத்தல எறக்கி வச்சது ஈப்போ பியானோ அங்கிள். 18 வயசுல டைப்பிங் வகுப்புக்கு ஈப்போ போவேன், மேடான் கிட்ல பஸ் புடிக்க வர்ற வழில ஒரு கடைவீட்டு மாடில பியானோ சத்தம் கேக்கும். ரெண்டு மாசம் கீழயே நின்னு கேட்டுட்டு போனேன், ஒருநாள் அவரே எறங்கி வந்து ‘மேல வா, நின்னா கால் வலிக்கும்’னு மலாய்ல கூப்பிட்டாரு. பிலிப்பினோ வம்சம், அந்தக் காலத்துல நம்ம நாட்டு கேபரேலயும் ரேடியோலயும் வாசிச்சவங்கள்ல நெறைய பேரு அவங்க ஆளுங்கதான். ரேடியோ மலாயா ஆர்கெஸ்ட்ராவ நடத்துன அல்போன்சோ சொலியானோ பத்தி சொல்லும்போது எந்திரிச்சு நின்னுதான் சொல்லுவாரு.

அங்கிள் மொத மூணு மாசம் என்ன பாடவே விடல. பேஸ், அதாவது அடில ஓடுற கனத்த சுரம், அத மட்டும் கேளு, அத முணுமுணுன்னு சொல்லு, அவ்வளவுதான். கை தட்டச் சொன்னாரு, நான் பஜனைல தட்டுற மாதிரி நாலு அடில ஒண்ணுலயும் மூணுலயும் தட்டுனேன், இல்ல ரெண்டுலயும் நாலுலயும் தட்டுன்னாரு, அந்த ஒரு மாத்தத்துக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு, ஆனா கை பழகுனதும் ஒடம்பே வேற மாதிரி நடந்துச்சு. அப்புறம் மைக். நீ மைக்க அடிக்கிற, அது காதும்மா, காதுல யாராச்சும் கத்துவாங்களான்னு கேட்டாரு. 1925ல மின்சார மைக்ல ரெக்கார்ட் பண்ற முறை வர்றதுக்கு முன்ன ஒரு புனலுக்குள்ள கத்தித்தான் பாடணும், அதுக்கப்புறம்தான் மெதுவாப் பாடுறவங்களுக்கு வாழ்வு வந்துச்சு, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே குரலு சின்னக் குரலு, ஆனா கடைசி நாற்காலில இருக்குறவனுக்கும் தன்கிட்ட மட்டும் சொல்ற மாதிரி இருக்கும்னு இசைத்தட்டு போட்டுக் காட்டுவாரு. காசு வாங்கல. அம்மா குடுத்துவிட்ட முருங்கக்காயும் எலுமிச்ச ஊறுகாயும்தான் அவருக்கு நாலு வருஷத்து ஃபீஸ்.

1993ல கோலாலம்பூர் போனேன். ஹோட்டல் லவுஞ்சுல வாரத்துக்கு ஆறு ராத்திரி, ஒரு ராத்திரிக்கு நாலு செட்டு, ஒரே சிகரெட் பொக. இந்தியப் பொண்ணுக்கு ஜாஸ் எதுக்குன்னு கேட்டவங்களும் உண்டு, அவங்கள இந்த மடல்ல சேக்க வேணாம். ஒரு எடத்துல மூணு மாச சம்பளம் நின்னுபோச்சு, வாடகைக்கு வழியில்ல, ஊருக்கு போன் பண்ணி அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன், ஆனா குரலுலயே கண்டுபுடிச்சுட்டாங்க. அந்த வாரம் புடுராயா பஸ் ஸ்டாண்டுல பஸ் டிரைவர் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்ன கைல குடுத்தாரு, உள்ள 1,200 வெள்ளி. எங்க குடியிருப்பு தாமான்ல அம்மாவோட கூட்டு, அதான் சீட்டு, கட்டுன பொம்பளைங்க, அந்த மாசம் எடுக்க வேண்டியவங்க தன் பங்க விட்டுக்குடுத்து அனுப்புன காசு. அந்தக்கா மகளுக்கு அப்ப காதுகுத்து வச்சிருந்தாங்க, தள்ளிப் போட்டுட்டாங்கன்னு பத்து வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அக்கா, அந்தக் காச திருப்பிக் குடுத்தேன், ஆனா அந்தத் தேதிய என்னால திருப்பிக் குடுக்க முடியல.

1998ல கோலாலம்பூர் ஜாலான் மெசுயில நோ பிளாக் டைங்குற ஜாஸ் கிளப்பு தொறந்தது, 2004ல பினாங்குல ஜாஸ் விழா ஆரம்பிச்சது, அதையெல்லாம் பக்கத்துல இருந்து பாத்தேன், நல்ல காலம்தான். 2009ல அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்கே வந்துட்டேன்.

இங்க வீட்டுல பாட்டு வகுப்பு ஆரம்பிச்சப்ப ரெண்டே பிள்ளைங்க. இன்னிக்கு தமிழ், மலாய், சீனம்னு வீட்டு வாசல்ல சப்பாத்து வைக்க எடமில்ல. ஜாஸோட ஸ்விங் தாளத்த எப்படி சொல்லிக்குடுக்குறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப வழி காட்டுனது நம்ம தவில்காரரு ஒருத்தரு. அடிய மூணாப் பிரிச்சு தகிட தகிட சொல்லச் சொன்னாரு, அப்புறம் நடு ‘கி’ய மட்டும் முழுங்கிட்டு முதல நீட்டு, தா..ட தா..டன்னாரு. அதேதான் ஸ்விங்! நீளம், குட்டி, நீளம், குட்டி. அங்கிள் எனக்கு மாசக்கணக்குல சொல்லிக்குடுத்தத பிள்ளைங்க அர மணி நேரத்துல புடிச்சுக்கிட்டாங்க. ஐயா, உங்க தகிடவ நான் எல்லா வகுப்புலயும் உங்களச் சொல்லித்தான் சொல்லிக்குடுக்குறேன்.

இப்ப போன வருஷத்து விஷயம். குரலு கரகரத்துச்சு, மேல ஏறல, சளின்னு நெனைச்சேன். ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு, திருவிழாவுல உறுமிக்கு மேல பாட்டு, தண்ணி குடிக்கிறதில்ல. ஆஸ்பத்திரில கேமரா விட்டுப் பாத்தாங்க, குரல் நாண் ரெண்டுலயும் நேருக்கு நேரா சின்ன முடிச்சு. சாதாரணமாப் பேசும்போதே பொம்பளைங்களுக்கு அது நொடிக்கு 200 தடவ போல மோதும், தப்பா அழுத்திக்கிட்டே இருந்தா மோதுற எடத்துல காய்ப்பு காய்ச்சிரும், பால்வெட்டுறவங்க கையில வர்ற மாதிரி. அந்த உவமைய சொன்னது குரலுக்குப் பயிற்சி குடுத்த தெரபிஸ்ட் இல்ல, எங்கம்மா. கையக் காட்டுனாங்க.

கொஞ்ச நாள் பேசவே கூடாது, கிசுகிசுன்னுகூட கூடாது, அதுவும் அழுத்தும். அப்புறம் ஸ்ட்ராவ தண்ணில விட்டு குமிழ் வர்ற மாதிரி ஊதிக்கிட்டே சத்தம் குடுக்கணும், தெனமும், மாசக்கணக்குல. ஆபரேஷன் வேணாம், பழக்கத்த மாத்துனாப் போதும்னு பொறுமையா நின்ன அந்த தெரபிஸ்ட் தங்கச்சிக்கு என் மொத கும்பிடு. ரொட்டி சானாய் கடைத் தம்பி என்ன பாத்ததும் நோட்டுல எழுதிக் காட்டச் சொல்லாம ரெண்டு வெரல காட்டுனா ரெண்டு ரொட்டின்னு ஒரு பாஷையே உண்டாக்கிட்டான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், தெனம் சாயங்காலம் வந்து ஒண்ணும் பேசாம கூட உக்காந்துட்டுப் போவாங்க. பெரிய பிள்ளைங்க அஞ்சு பேரு சின்னப் பிள்ளைங்களுக்கு வகுப்ப நடத்துனாங்க, ஃபீஸ ஒரு காசு தொடாம என் மேசைல வச்சுட்டுப் போனாங்க, நான் சமையல்கட்டுல உக்காந்து அத கேட்டுக்கிட்டே இருப்பேன். அவங்க பாடுறத குறுக்கிடாம முழுசா கேட்டது அந்த 14 மாசத்துலதான். அங்கிள் மொத மூணு மாசம் என்ன வாய மூடச் சொன்னது மாதிரியே இருந்துச்சு.

சனிக்கிழம கடைசிப் பாட்டுல எனக்கு ஒரு வரி மறந்துபோச்சு, கவனிச்சிருப்பீங்க. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அம்மாவுக்கும் 1960ல பெர்லின்ல இப்படித்தான் வரி மறந்துச்சு, அவங்க அங்கயே சொந்தமா கட்டிப் பாடுனாங்க, அந்த ரெக்கார்டுக்கு கிராமி கெடைச்சுச்சு. எனக்கு வந்தது தகிட தகிடதான். நான் ரெண்டு சுத்து விட்டதும் பின்வரிசைல இருந்து பிள்ளைங்க பதில் விட்டாங்க, அப்புறம் மண்டபமே கை தட்டுச்சு, ரெண்டுலயும் நாலுலயும். யாரும் சொல்லிக்குடுக்கல. ஜன்னல் வழியா பதினஞ்சு வருஷமா கேட்டுக் கேட்டே பழகிட்டீங்க போல.

வகுப்பு திங்கக்கிழம ஆரம்பிக்குது, இனிமே ஒரு நாளைக்கு மூணுதான். அன்னிக்கு சோறு கொண்டாந்தவங்களோட டிபன் கேரியர் ரெண்டும் ஒரு பெரிய அலுமினிய சட்டியும் எங்க வீட்டுல இருக்கு, கழுவி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்குங்க, அம்மா கோப்பி போட்டு வச்சிருப்பாங்க.