பி.எட். இரண்டாம் ஆண்டு அக்காமார், தங்கச்சிமார் கவனத்துக்கு

வணக்கம். பள்ளிப் பயிற்சி நெருங்கிவிட்டது. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் பெரியவர்களோ இருப்பவர்கள் இதை முழுசாக வாசியுங்கள்.

ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ. விதிப்படி வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும்; பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். பயிற்சி 16 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 80 நாள். அதில் 8 நாள்தான் நம் கையில். பால்காய்ச்சு, கோயில் கொடை, திருவிழா என்று முதல் மாதமே அதைத் தீர்த்துவிட்டால், அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது முழிக்க வேண்டியதுதான். சொந்தக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்!

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி வேண்டும் என்றால், பட்டியல் போடும் முன்பே கல்லூரி முதல்வரிடம் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. குலசேகரத்தில் வீடு, நாகர்கோவிலில் பள்ளி என்று விழுந்தால் பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடும்.

மாமியாரை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் உட்காரவைத்துவிட்டு, சார்ட் சுருளை மடியில் வைத்துக்கொண்டே பாடத்திட்டம் எழுதுகிற அக்கா ஒருவர் நம் குழுவில் இருக்கிறார். செக்கப் தேதி தெரிந்ததுமே வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிப் பீரியடை மாற்றி வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். கடைசி நேரத்தில் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள் என்கிறார். சரிதான்.

யாருக்கு எந்த ஊர்ப்பக்கம் பள்ளி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம். அதுவரை குட் மார்னிங் படம் போடாதீர்கள், இந்தச் செய்தி மேலே போய்விடும்.