'முழு குணம்' என்று எழுதலாமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தால் 'முழு குணம்' என்று செய்தி வருகிறது. சிறு ஓட்டையை இளம் வயதிலேயே மூடியவர்களுக்கு இது பெரும்பாலும் சரி. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுகல் உட்பட நான்கு குறைகள் சேர்ந்து, உடல் நீலம் பாயும் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' கோளாறுக்குச் சரியில்லை.

இதற்கான முழுச் சீரமைப்பை 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அறுவை மருத்துவர் லில்லிஹை முதன்முதலில் செய்தார். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டு முதல் மாதத்தைத் தாண்டியவர்களில் 86 சதவீதத்தினர் 32 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பெரிய சாதனைதான், ஆனால் அதே வயதுள்ள மற்றவர்களில் அது 96 சதவீதம்.

நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை அகலமாக்க, பலருக்கு வால்வு வளையத்தையே வெட்டி ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. அடைப்பு நீங்கும், வால்வு கசியும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வர, வலது கீழறை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் விரிகிறது. மூச்சு வாங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். வலது அறையின் கொள்ளளவு எக்கோவில் சரியாகப் பிடிபடாது, எம்ஆர்ஐ தேவை. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 160 மில்லியை எட்டும் முன்பே புது வால்வு பற்றிப் பேசிவிட வேண்டும். ரொம்பவும் விரிந்த அறை, வால்வு வைத்தாலும் பழைய அளவுக்குச் சுருங்குவது அரிது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் (கீழறைகள் துடிக்கத் தூண்டும் மின் அலை) அகலம் 180 மில்லி விநாடியைத் தொட்டால், உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. வளையம் வெட்டப்பட்டதா, முன்பு எந்தப் பக்கம் ஷண்ட் (கைக்குப் போகும் ரத்தக்குழாயிலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மாற்றுப்பாதை) போடப்பட்டது என்பதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஷண்ட் போட்ட பக்கத்துக் கையில் பிபி குறைத்துக் காட்டலாம், மறு கையில்தான் பார்க்க வேண்டும். (இதைத் தெரியாமல் 'லோ பிபி' என்று மருந்து எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.) செயற்கை வால்வு வைத்த பெரியவர்கள், இதயத்தில் கிருமித் தொற்று வராமலிருக்க, பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் எடுக்க வேண்டும், பென்சிலின் அலர்ஜி இருந்தால் மாற்று மருந்து. பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

பிறந்த குழந்தை முதல் சிறார் வரை பரிசோதிக்கும் அரசு நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே 18 வயதோடு முடிகிறது. குழந்தைகள் பிரிவும் அத்தோடு கை கழுவினால் இவர்கள் எங்கே போவார்கள்? அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாரம் ஒரு நாளாவது, பிறவி இதயக் கோளாறுள்ள பெரியவர்களுக்கெனத் தனி ஓபி நடத்த வேண்டும்.