மூச்சு விடாத குழந்தையின் நுரையீரல்: பல்லடம் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெரிய அத்தை எழுதுவது. உங்கள் மனைவி அம்முணியின் வயிற்றிலிருக்கும் குழந்தை மூச்சே விடுவதில்லையே, அப்படியிருக்க ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் குறைவு என்றதும் டாக்டர் ஏன் நுரையீரலைப் பற்றிப் பேசுகிறார் என்று கட்டுச்சோறு விருந்தன்று கேட்டீர்கள். பந்திக்கு நடுவே அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பிரசவ வார்டில் செவிலியராக இருந்த காலத்திலும் இதே கேள்வியைப் பல வீட்டார் கேட்டிருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

கருவில் ஆக்சிஜன் நஞ்சுக்கொடி (பிளசென்டா) வழியாக வருகிறது. ஆகவே குழந்தையின் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் நுரையீரலுக்குள் போகிறது. மீதி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள துளை வழியாகவும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு சேர்க்கும் குறுக்குக் குழாய் வழியாகவும் விலகிப் போய்விடுகிறது. அந்தச் சிறு பங்கைக் கொண்டுதான் நுரையீரல் வளர்ந்தாக வேண்டும். ஏறத்தாழ 24 வாரத்திலிருந்து, மூச்சறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் சுரக்கத் தொடங்குகிறது. முழு வடிவ மூச்சறைகள் 36 வாரத்தை ஒட்டித்தான் உருவாகத் தொடங்கி, பிறந்த பின்னும் பெருகிக்கொண்டே போகின்றன. குழந்தை மூச்சே விடுவதில்லை என்பதும் முழுக்கச் சரியன்று. நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை வைத்துக்கொண்டே அது விட்டுவிட்டு மார்பை அசைத்துப் பழகுகிறது, நுரையீரல் விரிந்து வளர அந்த அசைவு தேவை.

இப்போது உங்கள் ஸ்கேனுக்கு வருகிறேன். தொப்புள்கொடித் தமனியின் ஓட்டம் திரையில் ரம்பப் பற்களைப் போல வரிசையாகத் தெரியும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி நலிந்தால் அந்த ஓட்டம் முதலில் குறையும், பிறகு நின்றுபோகும், மோசமான நிலையில் பின்னோக்கியும் திரும்பும். அப்போது குழந்தையின் உடல், கிடைக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட, நுரையீரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் பங்கு சுருங்குகிறது. ஆக்சிஜன் குறைந்தால் மார்பசைவும் குறையும். செம்மறியாடுகளில் நடந்த ஆய்வுகளில், இப்படி வளர்ந்த குட்டிகளின் மூச்சறைகள் எண்ணிக்கையில் குறைந்தும் சுவர் தடித்தும் இருந்ததைக் கண்டார்கள். மனிதரில், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்களை ஆராய்ந்து டேவிட் பார்க்கர் குழுவினர் 1991இல் வெளியிட்ட கட்டுரை, எடை குறைந்து பிறந்தவர்களுக்கு முதுமையிலும் மூச்சுத் திறன் குறைவாக இருந்தது என்றது. ஆனாலும் ஒரு டாப்ளர் அளவை மட்டும் வைத்து உங்கள் குழந்தைக்கு மூச்சிளைப்பு வரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லி அம்முணியைப் பயமுறுத்துகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்களிடம் ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் ஒன்று இருப்பதாகத் தங்கை சொன்னாள். நல்ல நேரம் பார்த்து வைக்கும் சிசேரியன் நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது என்பது எனக்குப் பெரும் வருத்தம். பிரசவ வலி தொடங்கும்போதுதான் நுரையீரல் தன்னுள் இருக்கும் நீரை வேகமாக உறிஞ்சத் தயாராகிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அதற்குள் ஓடும் ரத்தம் எட்டுப் பத்து மடங்காகப் பெருகுகிறது. காரணமின்றி 39 வாரத்துக்கு முன் வலியே வராமல் அறுத்தெடுத்தால், மூச்சிரைப்போடு குழந்தை சிறப்புப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு கூடும். மாறாக, ரத்த ஓட்டம் மோசமாகி டாக்டரே முன்கூட்டி எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். மாதம் நிறையும் முன் எடுக்க நேர்ந்தால் தாய்க்கு முதலில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். லிக்கின்ஸ், ஹௌவி என்ற இருவர் 1972இல் நியூசிலாந்திலிருந்து வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை அது. நுரையீரல் விரைவாகப் பக்குவமடைய உதவும், மறுக்க வேண்டாம்.

தறிப்பட்டறைப் பஞ்சுத் தூசியில் அம்முணி உட்கார வேண்டாம். நீங்கள் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கவும் வேண்டாம். அடுத்த டாப்ளருக்குக் குறித்த நாளில், தறியில் பாவு ஏற்றும் வேலை இருந்தாலும் ஆள் வைத்துவிட்டு நீங்களே கூடப் போங்கள். அறிக்கையைக் கையோடு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரிய அத்தை